கடலுக்குப் போகும் அப்பாவிடம் ஒட்டாத பிள்ளையைப் பாட்டு விளையாட்டு ஒட்ட வைக்குமா?

கணவர் ராமேஸ்வரத்தில் விசைப்படகில் போகிறார், ஒன்றரை வயது மகள் அவர் தூக்கினாலே அழுகிறாள், பாட்டுப் போட்டு விட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டுப் போட்டால் ஆகாது தங்கச்சி, அவர் பாடினால் ஆகும். மண்டபம் பக்கம் கடலோர ஊர் ஒன்றில் பால்வாடி டீச்சராக இருக்கிறேன். கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளோடுதான் என் பொழுது முழுக்க. அதனால் இதை அடித்துச் சொல்கிறேன்.

பிள்ளைக்கு அவர்மேல் வெறுப்பில்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். காலையில் போய் மறுநாள் கரை திரும்பி, வந்ததும் அசந்து தூங்குகிறவர் பிள்ளையின் கண்ணில் எவ்வளவு நேரம் படுவார்? ஆகவே வந்த வேகத்தில் வாரித் தூக்க வேண்டாம். கொஞ்சம் எட்ட உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டட்டும். அவள் திரும்பிப் பார்ப்பாள். அப்போது நிறுத்தட்டும். அவள் கையை ஆட்டினாலோ, ‘ம்’ என்றாலோ, அது அவளுடைய முறை. உடனே அவளுடைய வேகத்திலேயே திருப்பித் தட்ட வேண்டும். இந்த நிறுத்தத்தில்தான் விளையாட்டே இருக்கிறது. பெரியவர்கள் பலரும் மூச்சு விடாமல் பாடி முடித்துவிடுகிறார்கள், பிள்ளைக்கு இடமே கிடைப்பதில்லை.

‘எனக்குப் பாட வராது’ என்பார். கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடி, அந்தத் தாளத்துக்கே கயிற்றை இழுப்பார்கள். வீட்டில் கயிற்றுக்குப் பதில் ஒரு தோள்துண்டு போதும். ஒரு முனை அவர் கையில், மறுமுனை மகள் கையில். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மீன் பெயர்: சூடை, காரல், நகரை, பாறை! பாறை வரும்போது மட்டும் குரலை உயர்த்தச் சொல்லுங்கள். கொஞ்ச நாளில் அந்த இடம் வருவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவாள்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 14 மாதப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் பாட்டுக்கு ஏற்ப ஆட்டினார்கள். எதிரே ஒருவர் நின்று ஆடினார். தங்களோடு ஒரே தாளத்தில் ஆடியவர் பிறகு ஒரு பொருளைத் தவறவிட்டபோது, பிள்ளைகள் அதை எடுத்துக் கொடுக்க அதிகம் முன்வந்தார்கள். தாளம் மாறி ஆடியவருக்கு அவ்வளவு உதவவில்லை. 2014இல் வெளிவந்த ஆய்வு இது. அங்கே ஆடியவர் முன்பின் தெரியாத ஆள். பெற்ற அப்பா ஆடினால் கேட்கவா வேண்டும்! நம் பிள்ளைத்தமிழிலும் ஒன்பதாம் மாதத்துக்கென்று சப்பாணிப் பருவம் இருக்கிறது, கைகொட்டி ஆடச் சொல்லிக் குழந்தையைக் கெஞ்சுகிற பருவம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் அவர் கரையில்தான் இருப்பார். அந்த நாட்களில் குளிப்பாட்டும் வேலையை அவரிடம் விட்டுவிடுங்கள். தண்ணீர் ஊற்றும்போது பாட ஒரு பாட்டு, அவருக்கென்று மட்டும் இருக்கட்டும். சொந்தமாகக் கட்டிய ரெண்டு வரி போதும். நீங்கள் அதைப் பாடவே பாடாதீர்கள். அந்தப் பாட்டு என்றால் அப்பா என்று அவளுக்குப் பதிய வேண்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வாப்பா வளைகுடா நாடுகளில் இருக்கும் வீடுகளுக்கும் ஒன்று சொல்கிறேன். வீடியோ காலில் சேர்ந்து பாட வேண்டாம், குரல் தாமதமாக வந்து தாளம் உடைந்துவிடும். வாப்பா ஒரு வரி பாடி நிறுத்தட்டும், பிள்ளை கைதட்டி முடிக்கட்டும். யூடியூப் பாட்டை இதற்கு மாற்றாக வைக்காதீர்கள். பிள்ளை சிரித்தால் அது நின்று பார்க்காது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2019இல் சொன்னது.

கடைசியாக ஒன்று. பின்னாலிருந்து கைதட்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பிள்ளை திரும்பவே இல்லை என்றால், பாட்டை நம்பி நாளைக் கடத்தாமல் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.