பொரித்த சூட்டோடு சாப்பிட்ட இறால் வடை வயிற்றைக் கெடுக்குமா?

திருகோணமலை டச்பே கடற்கரையில் கண்முன்னே பொரித்த வடையைத்தானே சாப்பிட்டேன், பிறகு ஏன் வயிற்றோட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். வடையில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. கொதிக்கும் எண்ணெயில் நன்றாக வெந்த இறாலில் கிருமி தப்புவது கடினம். நான் முதலில் சந்தேகப்படுவது அதன்மேல் ஊற்றிய சட்னியையும் தூவிய பச்சை வெங்காயத்தையும்தான்.

தேங்காய்ச் சட்னியில் ஈரமும் சத்தும் நிறைய உண்டு. பின்னேரம் அரைத்து வெளியில் வைத்தால், திருகோணமலை வெக்கையில் பாக்டீரியா ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கலாம். அந்த வேகத்தில் ஒன்று 4 மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும்! அரைக்கச் சேர்த்த தண்ணீரோ கழுவாத கையோ ஈ.கோலை என்ற குடல் கிருமியைக் கொண்டுவந்திருக்கலாம். காசு வாங்கிய கையாலேயே வடை எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

இன்னொன்று, ஸ்டாஃபிலோகாக்கஸ். கையிலும் மூக்கிலும் இருக்கும் இந்தக் கிருமி உணவில் விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே சத்தி வந்தால் இதை நினைக்கலாம்.

அதற்காகக் கடற்கரைக் கடைகளை ஒதுக்க வேண்டாம், பல குடும்பங்களின் பிழைப்பு அது. வடையைச் சுடச்சுட, சட்னி இல்லாமல் வாங்குங்கள். சுத்தம் மோசமென்றால் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். இப்போதைக்கு, உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூளைக் கரைத்துக் குடியுங்கள். இரத்தமோ கடும் காய்ச்சலோ கண்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.