காசு பெயர்ப்பலகைக்கா, பெட்டிக்குள் இருப்பதற்கா?

இந்த வாரம் வால்வு (வெற்றிடக் குழாய்) போட்ட பழைய பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களைப் பற்றித்தான் அதிகக் கடிதங்கள். ஆம்பெக் நிறுவனத்தின் பி-15 மீண்டும் தயாரிப்புக்கு வருமா, வந்தால் வாங்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குழுவில் ஓயாத வாக்குவாதம். பி-15 மறுவெளியீடு வரப்போகிறது, பொறுத்திரு என்கிறார் கிட்டார் வாசிப்பவர். பழையதையே வாங்கு, புதியதில் அந்த ஒலி வராது என்கிறார் டிரம்மர். பணம் போடப்போவது நான். யார் சொல்வதைக் கேட்பது? (ஸ்கார்பரோ, கனடா)

பதில்: விலையையும் தேதியையும் கம்பெனி எழுத்தில் அறிவிக்கும்வரை மறுவெளியீடு என்பது வெறும் பேச்சு. அதை நம்பிக் கையில் இருக்கும் நல்ல ஆம்பை விற்றுவிடாதீர்கள்.

உங்கள் நண்பர்கள் இருவரும் பி-15 என்று சொல்கிறார்கள். எந்த பி-15? ஜெஸ் ஆலிவர் வடிவமைத்து 1960இல் வந்த இந்த ஆம்பின் உள் மின்சுற்று அடுத்த சில ஆண்டுகளில் பல முறை மாறியது. 25 வாட்டில் தொடங்கி 30 வாட்டுக்குப் போனது. மாறாமல் இருந்தது அதன் உடல்வாகு: ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், மேல்மூடியைப் புரட்டிப் போட்டால் ஆம்ப் தலைகீழாகப் பெட்டிக்குள் இறங்கிவிடும், வாசிக்கும்போது திரும்பப் புரட்டினால் வால்வுகள் வெளிக்காற்றில் நிற்கும். நிறுவனர் எவரெட் ஹல்லுக்கு ராக் இசைக்காரர்கள் ஆம்பை அலறவிடுவது பிடிக்காது. ஒலி உடையாமல், உருண்டையாக வர வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது.

மறுவெளியீடும் புதிய செய்தி இல்லை. 1990களில் பி-15ஆர் வந்தது. 2011இல் ஹெரிடேஜ் பி-15 வந்தது. அதில் 1964ஆம் ஆண்டின் சுற்றுக்கு ஒரு சேனல், 1966ஆம் ஆண்டின் சுற்றுக்கு ஒரு சேனல். இனி ஒன்று வந்தால் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை: எந்த ஆண்டின் சுற்று? டிரான்ஸ்ஃபார்மர் பழைய அளவுகளின்படி சுற்றப்பட்டதா? பெட்டி பிளைவுட்டா, மரத்தூள் பலகையா? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் நீல நிறச் சதுரக்கட்டமிட்ட உறையைத் தடவிக்காட்டுகிற கடையில் பணப்பையைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. பழைய பி-15இன் விலையை ஏற்றிவைத்திருப்பதில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் பெயருக்குப் பெரிய பங்கு உண்டு. டெட்ராய்ட் கிளப்களில் அவர் இந்த ஆம்பை வைத்து வாசித்தது உண்மை. ஆனால் மோடவுன் ஸ்டுடியோவில் அவருடைய பேஸ் பெரும்பாலும் ஆம்ப் பக்கமே போகாமல் நேரே ஒலிக்கலவை மேசைக்கு (கன்சோல்) போனது. அந்த இசைத்தட்டுகளின் ஒலிதான் வேண்டும் என்றால், முதலில் வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிகளைப் போட்டு, அவை அறும்வரை மாற்றாமல் வாசியுங்கள். அவர் அப்படித்தான் செய்தார். மிகக் குறைந்த செலவு.

என் தீர்ப்பு: வால்வு ஆம்பைத் திறக்கத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால் பழையதை வாங்குங்கள். இல்லையென்றால் 2011 ஹெரிடேஜ் கைமாறி வருகிறதா என்று பாருங்கள். ஸ்கார்பரோ டொரன்டோவின் ஒரு பகுதி என்பதால் மூன்றாவது வழியும் உண்டு. 1963இல் அங்கேயே பிறந்த டிரெய்னர் ஆம்ப்களில் வைபிஏ-1 பேஸ் மாஸ்டர் நல்ல உழைப்பாளி. பெயர் மயக்கம் குறைவு என்பதால் விலையும் பெரும்பாலும் குறைவு.

கேள்வி: வால்வுகள் எரிகின்றனவா என்று பார்க்க, ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பைப் போட்டுப் பார்க்கலாமா? (மதுரை)

பதில்: கூடாது. ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

கேள்வி: 'முழுக்க முழுக்க ஒரிஜினல், 1966' என்று சொல்லி ஒரு பி-15 விற்றார்கள். வீட்டுக்கு வந்ததும் தெரிந்தவர் திறந்து பார்த்தார். ஸ்பீக்கரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் பின்னாளில் மாற்றியவையாம். 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்கிறார் விற்றவர். சேமிப்பு முழுவதும் போய்விட்டது. (லண்டன்)

பதில்: நீங்கள் ஏமாறவில்லை, ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டியவர் அவர்.

விற்றவர் வியாபாரி என்றால், பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் சொன்னபடி இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். 'பார்த்து வாங்கினீர்கள்' என்ற பேச்சு அங்கே செல்லாது. கடையில் கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தால் கார்டு கொடுத்த வங்கிக்கும் பொறுப்பு உண்டு. அதற்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். தனிநபரிடம் வாங்கியிருந்தாலும் விவரித்தபடி பொருள் இருந்தாக வேண்டும். 'ஒரிஜினல்' என்று அவர் எழுதிய விளம்பரத்தையும் செய்திகளையும் இன்றே படமெடுத்து வையுங்கள். நாளை அவை அழிக்கப்படலாம்.

ஆதாரத்தை ஆம்பே கொடுக்கும். அமெரிக்க ஸ்பீக்கரின் சட்டத்திலும் டிரான்ஸ்ஃபார்மரின் மேலும் ஓர் எண் அச்சிட்டிருக்கும் அல்லது குத்தியிருக்கும். 220627 என்று இருந்தால், முதல் மூன்று இலக்கம் தயாரித்தவர்: 220 என்பது ஜென்சன். அடுத்த 6 ஆண்டின் கடைசி இலக்கம். 27 என்பது வாரம். பி-15 பிறந்ததே 1960இல் என்பதால் அந்த 6, 1966ஆக இருக்கலாம்; பின்னாளில் மாற்றிய பாகம் என்றால் 1976ஆகவும் இருக்கலாம். உங்கள் ஆம்பில் இந்த எண் என்ன சொல்கிறது என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் அருகே பழைய துளைகள் தெரிந்தால் அதையும் படமெடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு விளக்கம் மட்டும். மின்தேக்கிகளை மாற்றியிருந்தால் அதைக் குற்றமாகச் சேர்க்காதீர்கள். அறுபது வயதான எலக்ட்ரோலிடிக் மின்தேக்கியை மாற்றத்தான் வேண்டும். இரண்டு கம்பி பிளக்கை எடுத்துவிட்டு எர்த் உள்ள மூன்று கம்பி போட்டிருந்தால் அவருக்கு நன்றி சொல்லுங்கள். 'யார் கையும் படாதது' என்று விற்கப்படும் வால்வு ஆம்பை எர்த் இல்லாமல் இயக்கினால் உயிருக்கே ஆபத்து. நான் ஒரு பழைய வால்வு ரேடியோவை 'முழு சர்வீஸ் செய்தது' என்ற வாய்மொழியை நம்பி வாங்கினேன். வெளியே வார்னிஷ் பளபளத்தது. உள்ளே மின்தேக்கியின் அடியில் கசிந்து காய்ந்த பழுப்புக் கறை அப்படியே இருந்தது. சர்வீஸ் என்றால் எந்தப் பாகம், எந்தத் தேதி, யார் செய்தது என்ற ரசீது இருக்க வேண்டும். ரசீது இல்லாத சர்வீஸுக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து 1970களின் ஆம்பெக் எஸ்.வி.டி. பேஸ் ஆம்ப் ஒன்றை உறவினர் மூலம் வாங்கி அனுப்பச் சொல்லிப் பணமும் கட்டிவிட்டேன். இங்கே பிளக்கை மாற்றினால் போதும் அல்லவா? (சென்னை)

பதில்: போதாது. இதைப் பணம் கட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஆம்ப் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டில் 230 வோல்ட். பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகினால் அந்த நொடியே ஃபியூஸ் போகும். உங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மிக்ஸிக்கு வாங்கும் சிறிய ரகம் தாங்காது. எஸ்.வி.டி. 300 வாட் ஒலி தரும் ஆம்ப். மின்சாரத்திலிருந்து அது இழுப்பது அதைவிட மிக அதிகம். ஆம்பின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் அளவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதற்கு மேல் தாராளமாகத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மரை வாங்குங்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதனால் ஆம்பின் சொந்த டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கூடுதலாகச் சூடாகும். காற்றோட்டம் இல்லாத மூலையில் வைக்காதீர்கள்.

எடையைக் கேட்டீர்களா? ஸ்பீக்கர் இல்லாத தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவைத் தாண்டும். உள்ளே 14 வால்வுகள். 1969இல் வந்த முதல் எஸ்.வி.டி.களில் ரேடியோ ஒலிபரப்புக் கருவிகளில் பயன்படும் 6146 ரக வால்வுகள் இருந்தன; சில ஆண்டுகளுக்குள் 6550க்கு மாற்றினார்கள். உங்களுக்கு வருவது எந்த ரகம் என்று கப்பலேற்றும் முன் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வால்வுகளைக் கழற்றித் தனியாகப் பொதியச் சொல்லுங்கள். எந்தக் குழியில் எது இருந்தது என்று குறித்துவைக்கவும் சொல்லுங்கள்.

கேள்வி: மறுவெளியீட்டு ஆம்ப்களில் கையால் வயரிங் செய்வதில்லை, அச்சுப் பலகைதான் (மின்பாதைகளை அச்சிட்ட பலகை). அதனால் அவற்றை வாங்கவே கூடாது என்கிறார்கள். சரியா? (சிங்கப்பூர்)

பதில்: சரியில்லை. அச்சுப் பலகை என்பதாலேயே ஆம்ப் கெட்டதாகிவிடாது. இவர்கள் போற்றும் 1969 எஸ்.வி.டி.யிலேயே அச்சுப் பலகை உண்டு. பார்க்க வேண்டியது, வால்வின் குழிகள் நேரே பலகையில் பதிந்திருக்கின்றனவா, உலோகச் சட்டத்தில் பொருத்திக் கம்பியால் இணைத்திருக்கின்றனவா என்பதை. முதல் வகையில் வால்வின் சூடும், வால்வைப் பிடுங்கிப் பொருத்தும் அசைவும் நேரே பற்றவைப்புக்குப் போகும். ஆண்டுகள் போனால் வெடிப்பு விழும்.

ஆனால் என்னை உறங்கவிடாத குறை வேறு. சுற்று வரைபடம் எங்கே? பழைய வால்வு ரேடியோக்கள் பலவற்றின் பின்அட்டையைக் கழற்றினால் உள்ளேயே வரைபடம் ஒட்டியிருக்கும். தெருமுனை மெக்கானிக் அதைப் பார்த்து, எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று அளந்து, கெட்ட பாகத்தை மட்டும் மாற்றிக் கொடுப்பார். இன்று பழமையின் பெயரைச் சொல்லி அதிக விலை கேட்கிறார்கள். அந்தப் பழமையில் வாங்குபவருக்கு மிகப் பயன்பட்ட ஒரு தாளை மட்டும் தர மறுக்கிறார்கள். 'அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்கு மட்டும்' என்கிறார்கள். அந்த மையம் எங்கே இருக்கிறது? நான் புதிதாக வாங்கிய ஓர் ஆம்ப் உத்தரவாதம் முடிந்ததும் ஊமையானது. வரைபடம் கேட்டேன், இல்லை. பாகம் கேட்டேன், தனியாகக் கிடையாது, பலகையோடுதான் என்றார்கள். பலகையின் விலை புதிய ஆம்பை நெருங்கியது. பின்னர் ஒரு மெக்கானிக் வரைபடம் இல்லாமலேயே தடம் தடமாகத் தேடி ஒரு சிறிய மின்தடையை மாற்றினார். அது பாடியது. அவருடைய அந்த உழைப்பு தேவைப்பட்டிருக்கவே கூடாது.

2022 டிசம்பரில் இந்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. வேளாண் கருவி, கைபேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள், வீட்டுச் சாதனம், வாகனம் என நான்கு துறைகள். இசைக்கருவிக்கென்று தனி இடம் இல்லை, வேண்டும். அதுவரை வாங்குபவர்கள் கடையில் ஒரே குரலில் கேட்க வேண்டும்: வரைபடம் தருவீர்களா, பாகம் தனியாகக் கிடைக்குமா? இரண்டுக்கும் 'ஆம்' வந்தால் அச்சுப் பலகை ஆம்பைத் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: பழைய 30 வாட் வால்வு ஆம்ப் ஒன்றை வாங்கி, திறந்தவெளி மேடையில் டிரம்ஸ், இரண்டு கிட்டார்களோடு வாசித்தேன். பேஸ் கேட்கவே இல்லை. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். (கோயம்புத்தூர்)

பதில்: மறுப்பது நியாயம். 30 வாட் என்று எழுதித்தானே விற்றார்? ஆம்பின் முன் ஒரு மைக் வைத்து மேடை ஒலியமைப்புக்கு அனுப்புங்கள்.

கேள்வி: வால்வுகள் இனிக் கிடைக்காது, மொத்தமாக வாங்கி வை என்கிறார்கள். (யாழ்ப்பாணம்)

பதில்: ரஷ்யாவின் சரட்டோவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்றும் தயாராகின்றன. 2022இல் ரஷ்ய ஏற்றுமதித் தடையின்போது விலை எகிறியது, வரத்து முழுவதுமாக நிற்கவில்லை. பி-15 போன்ற ஆம்புக்கு மாற்று ஜோடி ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.

கேள்வி: சமூக ஊடகத்தில் 'மறுவெளியீடு, முதல் நூறு பேருக்கு மட்டும்' என்று விளம்பரம். முன்பணமாக 40,000 ரூபாய் அனுப்பினேன். நேற்றிலிருந்து எண் அணைந்திருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (திருச்சி)

பதில்: தம்பி, 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். இணையவழிப் பணமோசடிக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் போன கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அனுப்பிய குறிப்பு எண், அந்த விளம்பரத்தின் படம், உரையாடல் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'மீட்டுத் தருகிறேன், கட்டணம் கொடு' என்று யாராவது தொடர்புகொண்டால் அவரும் அதே கூட்டம்தான். வீட்டிலும் இன்றே சொல்லிவிடுங்கள். காவல் நிலையத்துக்குப் போக வேண்டிவந்தால் உடன் ஒருவர் வேண்டும்.