தோட்ட வேலையின்போது ஸ்மார்ட் வாட்ச் நாடித்துடிப்பைத் தவறாகக் காட்டுவதும், சார்ஜ் விரைவில் இறங்குவதும் ஏன்?

ஸ்மார்ட் வாட்ச் இதயத்தை நேரடியாக அளப்பதில்லை. அதன் அடியிலுள்ள உணரி தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி, இரத்தம் உறிஞ்சியதுபோக எவ்வளவு திரும்புகிறது என்பதைக் கொண்டு நாடித்துடிப்பைக் கணிக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டும்போது கை குலுங்கி, வியர்வையில் கடிகாரமும் நழுவுவதால், காற்றில் ஆடும் பால்மரத்து மங்கில் (ரப்பர் பால் சேரும் கிண்ணத்தில்) விழும் துளிகளைத் தூர நின்று எண்ணுவதைப் போலக் கணக்குப் பிசகிவிடுகிறது. மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே கச்சிதமாகக் கட்டினால் ஓரளவு சரியாகும். ஆயினும் அசையாமல் உட்கார்ந்து எடுக்கும் அளவையே நம்பச் சொல்வேன்.

பேட்டரி மிகச் சிறியது. இடைவிடாத அளவீடு, ஜிபிஎஸ், எப்போதும் ஒளிரும் திரை ஆகிய மூன்றும் அதை விரைவில் தீர்த்துவிடும்.

துடிப்பு சீராகத் தெரிந்தால் மாரடைப்பு இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். கடிகாரத்தால் மாரடைப்பைக் கண்டறிய இயலாது, ஆகவே நெஞ்சு வலித்தால் உடனே அவசர எண் 999-ஐ அழையுங்கள்.