கூலண்ட் குறைகிறது, கீழே சொட்டு இல்லை: ஹெட்டை இறக்கலாமா?

கேள்வி: 2018 மாடல் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேனுங்க, நானேதான் ஓட்டுகிறேன். தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலத்துக்கு இறங்குவேன். திரும்பும்போது உரமும் தீவன மூட்டையும். வாரத்துக்கு ஒரு தடவை டேங்கில் என்ஜினைக் குளிர வைக்கும் கூலண்ட் மேல் கோட்டிலிருந்து கீழ் கோட்டுக்கு வந்துவிடுகிறது. வண்டி நின்ற இடத்தில் ஈரமே இல்லை. ஹீட் மீட்டர் முள்ளும் ஏறவில்லை. ஒரு பட்டறையில் ரேடியேட்டரை மாற்றி 9,000 ரூபாய் வாங்கினார்கள், அப்புறமும் குறைகிறது. இப்போது ஹெட் கேஸ்கட் போய்விட்டது, 38,000 ஆகும் என்கிறார்கள். கூட ஓட்டுபவர்களோ மஞ்சள் தூளைப் போடு, அடைத்துக்கொள்ளும் என்கிறார்கள். என்ன செய்யட்டுமுங்க?

பதில்: ஹெட்டை, அதாவது என்ஜினின் மேல்பாகத்தை, இப்போதைக்குத் தொட வேண்டாம். ரேடியேட்டரும் யூகம், ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் கேஸ்கட்டும் யூகம். யாராவது பிரஷர் டெஸ்ட் செய்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. செய்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

அந்த அழுத்தச் சோதனை இப்படித்தான்: என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது டேங்க் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கேஜ் வைத்த கைபம்பை மாட்டுவார்கள். மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரைக்கும் அடித்துவிட்டுக் கால் மணி நேரம் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. அப்போது டார்ச்சை எடுத்துக்கொண்டு ஹோஸ் கிளிப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரம், வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டை எல்லாவற்றையும் பாருங்கள். சூடான என்ஜின் மேல் விழும் சொட்டு தரைக்கு வராமலே ஆவியாகிவிடும். ஆனால் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ கூலண்டின் நிறத்திலோ கறை விட்டுப்போகும்.

மூடியையும் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகளை மூட்டைகளோடு ஏறும்போது உள்ளே அழுத்தம் கூடும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஓடும்போதே ஆவியாக வெளியே தள்ளிவிடும்; நிறுத்திய இடத்தில் ஒன்றும் தெரியாது. பல பிக்கப்களில் அழுத்த மூடி டேங்கில்தான் இருக்கும். ரேடியேட்டர் புதிதானாலும் பழைய மூடியே தொடர்ந்திருக்கலாம். புது மூடி சில நூறு ரூபாய்தான்.

மூடி சரி, முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் கசிவு உள்ளுக்குள். அப்போதும் கேஸ்கட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டீசல் வண்டியில் ஈஜிஆர் கூலர் என்று ஒன்று உண்டு. புகையைக் குளிர வைத்து மறுபடி என்ஜினுக்கு அனுப்பும் குழாய்க்கூடு அது. அதற்குள் கூலண்ட் ஓடுகிறது. அதில் விரிசல் விட்டால் கூலண்ட் புகையோடு சேர்ந்து சைலன்சர் வழியாகப் போய்விடும். தாளவாடிக் குளிரில் காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது சகஜம். என்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வந்தால் கூலரைக் கழற்றி, காற்றடைத்து, தண்ணீரில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இதையும் தள்ளிப்போட முடியாது: சிலிண்டருக்குள் தண்ணீர் சேர்ந்துவிட்டால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

கேஸ்கட் போனால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும், டேங்கில் குமிழி விடாமல் வரும், ஹீட் ஏறும். உங்கள் ஹீட் மீட்டர் முள் ஏறவில்லை என்பதால் கேஸ்கட் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கூலண்டில் புகை கலந்திருக்கிறதா என்று காட்டும் நீல திரவச் சோதனை இருக்கிறது. கலந்திருந்தால் நிறம் மாறும். ‘அதை என் கண் முன்னால் செய்து காட்டுங்கள், அப்புறம் ஹெட்டை இறக்கலாம்’ என்று பட்டறையில் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு பட்டறை பார்ப்பதே நல்லது.

மஞ்சள் தூளுக்கு ஈரோட்டில் நல்ல விலை, ரேடியேட்டரில் போட்டு வீணாக்காதீர்கள். நடுவழியில் நின்றவர் ஊர் வந்து சேர அது உதவியிருக்கலாம். ஆனால் அந்தத் தூள் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கும். போர் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து காரை கட்டிவிடும். கலந்தே வரும் கூலண்டை வாங்குங்கள். இல்லையென்றால் டிஸ்டில்டு வாட்டர். வடித்த கூலண்டைப் பட்டியில் விட்டுவிடாதீர்கள், இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கும். அது விஷம்.

அந்த 9,000 விஷயம். பழைய ரேடியேட்டர் கையில் இருக்கிறதா? இருந்தால் ஒரு ரேடியேட்டர் கடையில் காற்றடைத்துச் சோதித்து, கசிவு இல்லை என்று எழுதி வாங்குங்கள். தேவையில்லாமல் மாற்றியதற்கு அதுதான் சாட்சி. பழைய பாகத்தைக் கேட்டு வாங்காதவர்களுக்கு இங்கேதான் சிக்கல் வரும். பில் இல்லாவிட்டால் பணம் அனுப்பிய யுபிஐ பதிவாவது வேண்டும். முதலில் பட்டறைக்கு எழுத்தில் கேளுங்கள், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். ‘இது வாடகை வண்டி, நீ நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. புகாரின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள்.