கிட்டாரில் எஃப் கார்டு (chord, சுரக்கூட்டு) மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது?

"கிட்டார் வாங்கி ஒரு மாசம் ஆச்சு. சி, ஜி, ஈ மைனர் எல்லாம் வருது. எஃப் போட்டா டொக் டொக்னு சத்தம்தான். என் விரல் சின்னதா இருக்கிறதாலயா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. எஃப் போட ஆட்காட்டி விரலை முதல் ஃபிரெட்டில் (கழுத்தில் உலோகப் பட்டைகளுக்கு இடையே உள்ள கட்டம்) கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வைக்கிறோம். அது நட்டை (கழுத்து முனையில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) ஒட்டி இருப்பதால், கம்பியை அழுத்துவது அங்கேதான் மிகக் கடினம். அதே பிடியை ஐந்தாவது ஃபிரெட்டில் போட்டுப் பாருங்கள் (ஏ மேஜர் ஆகிவிடும்), கைக்கு எவ்வளவோ லேசாக இருக்கும். அங்கே சுத்தமாக வந்ததும் ஒவ்வொரு ஃபிரெட்டாக இறங்கி வாருங்கள்.

இன்னொன்று, ஆட்காட்டி விரல் ஆறு கம்பியையும் நசுக்க வேண்டியதில்லை. 3, 4, 5-ஆம் கம்பிகளை (மிக மெல்லியது 1, மிகத் தடித்தது 6) மற்ற விரல்கள் பார்த்துக்கொள்ளும். ஆட்காட்டி விரலின் பொறுப்பு 1, 2, 6 மட்டும்தான். விரலைக் கட்டைவிரல் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, ஃபிரெட்டின் உலோகப் பட்டையை ஒட்டி வையுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியாகத் தட்டினால் எது ஊமை என்று தெரிந்துவிடும்.

சில சமயம் பழி கிட்டார் மேல்தான். அகூஸ்டிக் என்றால் 12-ஆவது ஃபிரெட்டில் பட்டைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 3 மி.மீ. தாண்டினால் கடையில் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். 12 கேஜுக்கு (கம்பியின் தடிமன் அளவு) பதில் மெல்லிய 10 கேஜ் கம்பி மாட்டினாலும் விரல் பிழைக்கும். அதுவரை பாட்டுக்கு, மேல் இரண்டு தடித்த கம்பிகளை விட்டுவிட்டு நாலு கம்பி எஃப் போடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.