ஓடாவியிடம் கேளுங்கள்: வளர்ந்த பிள்ளைகளுக்கு ஊஞ்சல்

கேள்வி: வளவில் வேப்பங்கொப்பில் கட்டிய ஊஞ்சல் இப்போது கொப்போடு சேர்ந்து முறுகுகிறது. மூத்தவனுக்கு 14 வயது, எழும்பி நின்று உந்துகிறான். தனியாகக் கால் நட்டுப் போடலாமென்றால் வீட்டுக்காரர் பனங்குற்றி போதும் என்கிறார், என் தம்பி இரும்புக் குழாய் என்கிறான். எது நல்லது ஐயா?
— ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: உங்கள் தம்பி பக்கம்தான் நான், தங்கச்சி. மரவேலைக்காரன் இரும்புக்குப் பரிந்து பேசுகிறான் என்று சிரிக்க வேண்டாம். வைரம் பாய்ந்த பனை கூரைச் சிலாகைக்குத் திறம். மண்ணுக்குள் நட்டால் கறையானும் மாரி ஈரமும் சேர்ந்து அடியை உக்க வைத்துவிடும். பாலை, முதிரை தாங்கும்; விலைதான் தாங்காது.

50 கிலோ பிள்ளை சும்மா இருந்தால் சங்கிலியில் 50 கிலோதான். சங்கிலி 60 பாகை சரியும் வரை உயர்ந்து ஆடினால், கீழே வரும் கணத்தில் அது 100 கிலோ. அதோடு முன்னும் பின்னும் இழுவை வேறு. இரண்டு தனிக்கால் நட்டு மேலே ஒரு தடி போட்ட ஊஞ்சல் அசையத் தொடங்குவது இதனால்தான்.

ஆகவே பக்கத்துக்கு இரண்டு கால், மேலே சேர்ந்து கீழே விரிய வேண்டும். உயரம் 8 அடி, நிலத்தில் விரிவு 6 அடி. 2 அங்குல கல்வனைஸ் குழாய், அதாவது நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புக் குழாய். குழி இரண்டரை அடி ஆழம். வெட்டும்போது பழைய இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் அது போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம், தொடாமல் விலகிப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். எங்கள் மண்ணில் இதைச் சொல்லாமல் விட ஏலாது.

குழியில் காலைச் சுற்றிப் போடும் கொங்கிறீற், நிலத்துக்கு மேல் 2 அங்குலம் எழும்பி வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் குழாயின் அந்தக் கழுத்தில்தான் முதலில் கறள் பிடிக்கும். வெல்டிங் பட்ட இடத்தில் நாகப்பூச்சு எரிந்துவிடும், அங்கே நாகப் பெயின்ட் அடியுங்கள்.

நைலோன் கயிறு வெயிலில் நார்நாராகும். 8 மில்லிமீற்றர் சங்கிலி வாங்குங்கள். அதைக் குழாயில் சுற்றாமல் வளையம் வைத்துக் கொழுவுங்கள். அந்த வளையத்தின் உட்பக்கத்தை இடைக்கிடை விரலால் தடவிப் பாருங்கள். தேய்மானம் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும். இருக்கைப் பலகைக்கு மட்டும் முதிரை போடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

முன்னுக்கும் பின்னுக்கும் 16 அடி வெறும் நிலம் வேண்டும், கீழே 9 அங்குலம் மணல். கிணற்றுப் பக்கம் வேண்டவே வேண்டாம். கொங்கிறீற்றுக்கு ஒரு கிழமை தண்ணீர் விடுங்கள். அதுவரை சங்கிலியை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.