வாசல் இல்லாத புழு

அன்புள்ள ஐயா,

ஒட்டுண்ணிகள் பற்றிய கட்டுரையில், "விருந்தோம்பியைச் சாகவிடாமல் வைத்திருப்பதில்தான் ஒட்டுண்ணியின் பிழைப்பு இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள் (விருந்தோம்பி என்றால் ஒட்டுண்ணி குடியிருக்கும் உயிர்). நான் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். எலிகளின் கல்லீரலில் வாழும் கப்பிலேரியா ஹெபாட்டிகா என்ற உருளைப்புழுவை வகுப்பில் படித்தோம். எலி செத்தால்தான் அதன் முட்டைக்கு வழி பிறக்குமாம். அப்படியானால் உங்கள் வரி தவறில்லையா?

– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தவறுதான். கொக்கிப்புழுவை மனதில் வைத்து எழுதிவிட்டேன். அதன் முட்டைகள் நாள்தோறும் மலத்தோடு வெளியேறுகின்றன. ஆள் இருக்கும்வரை அதற்கு லாபம். அந்த வரியைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன்.

நீங்கள் சொல்லும் புழுவுக்கு வாசலே கிடையாது. எலி விழுங்கிய முட்டை குடலில் பொரிகிறது. குஞ்சுப்புழு ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய், வளர்ந்து, அந்தத் திசுவுக்குள்ளேயே முட்டையிட்டு அங்கேயே மடிகிறது. முட்டைகள் அடைபட்டுக் கிடக்கும். காற்றுப் படாமல் அவை முதிர்வதில்லை. எலி செத்து அழுக வேண்டும், அல்லது பூனையோ இன்னொரு எலியோ அதைத் தின்ன வேண்டும். தின்ற பிராணிக்கு அப்போது தொற்றுவதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. அது வெறும் சுமைதூக்கி. எச்சத்தோடு மண்ணில் விழுந்து, ஈரத்திலும் காற்றிலும் சில வாரம் கிடந்த பிறகே முட்டைக்குத் தொற்றும் திறன் வருகிறது.

இதை முதலில் விவரித்தவர் ஆஸ்திரேலியாவின் தாமஸ் லேன் பான்கிராஃப்ட், 1893இல். நம் ஊர் யானைக்கால் நோய்ப்புழுவின் பெயரில் இருக்கும் பான்கிராஃப்ட் இவருடைய தந்தை ஜோசப். அந்தப் புழுவின் வளர்ந்த வடிவத்தை 1876இல் பிரிஸ்பேனில் கண்டவர்.

அதே ஆஸ்திரேலியாவில், தானிய வயல்களைச் சூறையாடும் சுண்டெலிக் கூட்டத்தை அடக்க இந்தப் புழுவை ஏவிப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் நம்பிக்கை இருந்தது. தொற்றிய எலிகள் ஈன்று வளர்த்த குட்டிகள் குறைந்தன. வயலில் எலிகளின் எண்ணிக்கையை அது கட்டுப்படுத்தவில்லை. ஒரு சாவுக்காகக் காத்திருந்து, பிறகு மண்ணிலும் வாரக்கணக்கில் காத்திருக்கும் புழு, சில வாரங்களுக்கு ஒருமுறை குட்டி போடும் சுண்டெலியை எப்படி எட்டிப் பிடிக்கும்?

பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குப் போனால் ஒன்றை நினைவில் வையுங்கள். மனிதருக்கும் இது அரிதாக வரும். ஆனால் ஒருவரின் மலத்தில் இதன் முட்டை தெரிந்தால் அவர் தொற்றுள்ள ஏதோ ஒரு பிராணியின் கல்லீரலைத் தின்றிருக்கிறார் என்றுதான் பொருள். முட்டை சும்மா கடந்து போகிறது. உண்மையில் நோயுள்ளவரின் முட்டைகள் அவர் கல்லீரலிலேயே இருக்கும். ஊசியால் திசு எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.